ருஷாகாவுக்கு பெர்மிட், புஹோமாவில் படுக்கை

கொரில்லா பார்க்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு ஒரு அளவே கிடையாது. கொரில்லா கட்டாயம் தெரியுமா, கிட்டத்தில் தெரியுமா, குட்டியோடு தெரியுமா? காட்டுக்குள் கழிப்பறை உண்டா? மழை இல்லாத நாளாகப் பார்த்துப் போட முடியுமா? மழைக்காட்டுக்கு வருகிறவர் கேட்கிற கேள்வியா இது! ஆனாலும் கெபிருங்கி எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள். வருஷக்கணக்காக அதே பதில்கள்தான். ஒவ்வொன்றையும் இப்போதுதான் முதல் தடவை கேட்டுப் பூரித்துப்போன மாதிரி எழுதவேண்டும், அதுதான் கொடுமை. எழுதி எழுதி அவளுக்குத் தோள் இரண்டும் இற்றுப் போயிருந்தன.

கம்பாலாவில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அவளுடைய கம்பெனி. திட்டம் போடுவது அவள். வண்டி ஓட்டுவதும் வழிகாட்டுவதும் அவள் புருஷன் துரினாவே. கூட ஆள் வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகவில்லை. சீசன் வந்துவிட்டால் அவன் வீட்டுக்கு வருவது துணி மாற்றத்தான். புருஷன் பெண்டாட்டி பேச்சென்பது போனில், அதுவும் எந்த விடுதி, எத்தனை பேர், யார் மாமிசம் சாப்பிட மாட்டார் என்பதோடு சரி.

அன்று மத்தியானம் அவள் ஒரு பெல்ஜியக் குடும்பத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் கிபாலேயில் சிம்பன்சி, பிறகு இஷாஷாவில் மரமேறும் சிங்கம், கடைசியில் புவிண்டிக் காட்டில் கொரில்லா. வாங்கி வைத்த ரோலெக்ஸ், அதுதான் சப்பாத்திக்குள் சுருட்டின முட்டை, பொட்டலம் பிரிக்காமலே ஆறிக் கிடந்தது. புதிதாக யோசிக்கத் தெம்பில்லாமல், இப்போது பயணத்தில் இருக்கிற தோர்டிஸ் அம்மாவின் திட்டத்தைத் திறந்து, அதைப் பார்த்து எழுதலாம் என்று நினைத்தாள். நார்வேயிலிருந்து தனியாக வந்திருக்கிற வயசான அம்மா அவர். நாளைக்குத்தான் அவருக்குக் கொரில்லா.

பெர்மிட்டில் ருஷாகா என்று இருந்தது. அதற்குக் கீழே விடுதி, புஹோமா.

கெபிருங்கி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ருஷாகா ருஷாகாவாகத்தான் இருந்தது. 

புவிண்டிக் காடு ஒன்றுதான். கொரில்லா பார்க்கப் புறப்படுகிற வாசல்கள்தான் நாலு. புஹோமா வடக்கு ஓரம், ருஷாகா தெற்கு ஓரம். வரைபடத்தில் பார்த்தால் ஒரு கட்டைவிரலால் இரண்டையும் மறைத்துவிடலாம். வண்டியில் காட்டைச் சுற்றிக்கொண்டு போனால் மலைப்பாதையில் நாலு மணி நேரத்துக்குக் குறையாது, மழை பெய்திருந்தால் எப்போது போய்ச் சேருவோம் என்று யாரும் சொல்ல முடியாது. பெர்மிட்டில் போட்ட வாசலில், போட்ட தேதியில், காலை ஏழரைக்கு நின்றாகவேண்டும். இல்லாவிட்டால் போச்சு.

எப்படி நடந்தது என்பதும் உடனே ஞாபகம் வந்துவிட்டது. தோர்டிஸ் அம்மா நடுவில் தேதியை மாற்றச் சொன்னார். புதுத் தேதிக்குப் புஹோமாவில் இடமில்லை, ருஷாகாவில் ஒன்றே ஒன்று இருந்தது. விட்டால் போய்விடுமே என்று பாய்ந்து பிடித்தாள். விடுதியைச் சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்தாள். அந்தச் சாயங்காலம் வரவே இல்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் இந்தத் தப்பைப் பண்ணியிருப்பார்கள். புதிதாக வந்தவர்கள் பண்ணினால் கெபிருங்கியே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. போன வருஷம் துரினாவே ராத்திரியில் மலையிறங்கும்போது ஸ்டியரிங்கிலேயே தூங்கிவிட்டான். வண்டி சரிந்து ஒரு யூகலிப்டஸ் மரத்தில் மோதி நின்றது. மரத்துக்கு அப்பால் வெறும் பள்ளம். அதிலிருந்து கம்பெனிக்கு அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. இருட்டினபிறகு வண்டி நகரக்கூடாது.

இந்த மனுஷனுக்குத் தூக்கம் என்பதே ஒரு வியாதியாகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டையாகச் சாய்வான். இரண்டு விருந்தாளிகள் டிரைவர் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார் என்று இணையத்தில் எழுதிவிட்டார்கள். அவனை இழுத்துக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை பண்ணிப் பார்த்தாள். சாயங்காலம் குடிக்கிற ஒரு மடக்கு வாழைச் சாராயத்தையும் நிறுத்தினாள். ஒன்றும் தேறவில்லை. இந்தப் பயணம் முடிந்ததும் அவனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு அவன் அக்கா மகனைப் போடலாமென்று ரகசியமாகப் பேசியும் வைத்திருந்தாள். அப்படிப்பட்டவனை இன்றைக்கு ராத்திரி ஓட்டச் சொல்வதா? காலையில் கிபாலேயில் கிளம்பின ஆள் அவன். இப்போதே கிளம்பச் சொன்னாலும் வழியிலேயே இருட்டிவிடும்.

முதலில் புஹோமா வாசலில் இருக்கிற ரேஞ்சர் பியமுகாமாவைக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"அக்கா, சீசன்ல வந்து இடம் கேக்கிறியே! ஒரு கொரில்லாக் குடும்பத்தப் பாக்க எட்டுப் பேருதான். எட்டும் நெறஞ்சாச்சு."

"யாராச்சும் சளியோட வந்தாங்கன்னா?"

"சளியோட வந்தா கொரில்லாவுக்கு ஒட்டிக்கும்னு அவங்கள நிறுத்திருவோம். அதுக்காக உன் ஆளை ஏத்த முடியுமா? பெர்மிட் என்ன பஸ் சீட்டா, எந்திரிச்சதும் துண்டப் போட்டு உக்கார?" என்று சொல்லிச் சிரித்தான். பிறகு அவள் சிரிக்காததைக் கண்டு, "பெரிய தப்பாக்கா?" என்றான்.

"பெரிய தப்புதான்" என்று வைத்துவிட்டாள்.

துரினாவே இரண்டாவது மணியில் எடுத்தான்.

"போய்ச் சேந்துட்டியா?"

"இப்பத்தான். அம்மா டீ குடிக்குது. நான் வண்டியத் தொடச்சிக்கிட்டிருக்கேன். என்ன மேனேஜரம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒரு தப்பு நடந்துபோச்சு. நாளைக்கு பெர்மிட் புஹோமா இல்ல."

"ம்."

"ருஷாகா."

"ம்."

"என்னய்யா ம்? நான் ருஷாகாங்கறேன், நீ கத கேக்கிற மாதிரி ம் கொட்டுறே!"

"தெரியும், கெபிருங்கி."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. "எப்பத் தெரியும்?"

"கம்பாலாவுலயே. பெட்டிய ஏத்தும்போது காகிதத்தப் பாத்தேன்."

"பாத்துட்டு வாய மூடிக்கிட்டு இருந்தியா? அங்கயே சொல்லியிருந்தா விடுதிய மாத்தியிருப்பேனேய்யா! ஒரு போன். ஒரே ஒரு போன் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்!"

"சொல்லியிருக்கலாம்தான்."

"ஏன் சொல்லல?"

"அன்னிக்குக் காலைல என்னய என்ன சொன்னே?"

சொன்னது ஞாபகம் இருந்தது. கொட்டாவிப் புகாரைப் படித்த எரிச்சலில், வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, உனக்குப் பதிலா ஸ்டியரிங்ல ஒரு தலகாணிய வெச்சு அனுப்பலாம் என்று சொல்லியிருந்தாள்.

"அந்தப் பேச்சுக்கு அப்புறம் நான் உன் தப்பச் சொன்னா, பழிக்குப் பழி வாங்கற மாதிரி ஆயிரும். நீ ஒண்ணு சொல்லுவே, நான் ஒண்ணு சொல்லுவேன், அம்மா பெட்டியோட நின்னு வேடிக்க பாக்கும். எனக்கு சண்ட போடத் தெம்பில்ல கெபிருங்கி. ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பினா ஆறரைக்கு ருஷாகா. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், சீக்கிரம் படுங்கன்னு. உனக்குத் தெரியவே போறதில்லன்னு இருந்தேன்."

அவன் இதை ஏதோ மார்க்கெட்டுக்குப் போய்வருகிற சமாசாரம் மாதிரி சொன்னான். அந்தப் பழக்கப்பட்ட குரல்தான் அவளை உறுத்தியது. பதிலைக் கேட்க இஷ்டமில்லாமலே கேட்டாள்.

"இதுக்கு முன்னாலயும் இப்படிப் பண்ணியிருக்கியா?"

"விடு."

"துரினாவே!"

"மூச்சு வாங்காம கேளு, சொல்றேன். அந்த ஜெர்மன் ஜோடிக்கு விமானம் கிசோரோவுலேர்ந்துன்னு எழுதியிருந்தே. டிக்கெட் கிஹிஹிலேர்ந்து. ராத்திரியோட ராத்திரியா கொண்டுபோய் விட்டேன். அதுக்கு முந்தி, காலைல சிம்பன்சி நடைன்னு போட்டுட்டு ரூம எங்கயோ தள்ளி கசேசேல போட்டிருந்தே. அப்புறம் அந்த டாக்டருங்க, அவங்க வர்ற தேதிய ஒரு நாள் தள்ளி எழுதியிருந்தே, அதுக்கும் ராத்திரிதான் ஓடினேன். எல்லாம் சரியா முடிஞ்சிருச்சு. இப்ப எதுக்கு அது?"

ஜெர்மன் ஜோடி போன பிறகு வீட்டுக்கு வந்தவன் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் தூங்கினது அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்போதுதான் சாராயத்தை நிறுத்தினாள். அந்த டாக்டர் விருந்தாளிகள் கிளம்பிப்போன வாரத்தில்தான் ரத்தப் பரிசோதனை. எவ்வளவு பேசியிருக்கிறாள்! அவளுடைய தப்பையெல்லாம் அவன் ராத்திரியில் சக்கரம் வைத்து உருட்டித் தள்ளிவிட்டு வந்து படுப்பான். அவள் தலைமாட்டில் நின்று சோம்பேறி என்பாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே அடக்க முடியாத கோபமும் வந்தது, யார்மேல் என்றுகூடத் தெரியவில்லை.

"என் வாய்க்குப் பயந்தா சாகத் துணிஞ்சே?" என்று கத்தினாள். "அந்த மரத்துல மோதினது பத்தலியா உனக்கு?"

"சாகல்லாம் இல்ல. மெதுவாத்தான் போவேன். ஜன்னலத் தெறந்து வெச்சிக்குவேன்."

"அந்த அம்மாகிட்ட போனக் குடு."

"எதுக்கு?"

"குடுங்கறேன்ல."

"கெபிருங்கி, கேளு. அந்த அம்மா நாலு எடத்துல எழுதினா அடுத்த சீசன் காலி. உன் கம்பெனி பேரு போயிரும். நான் ஓட்டிருவேன். சத்தியமா ஓட்டிருவேன்."

"நீ ஓட்டிருவே. அதான்யா எனக்குப் பயமே. குடு."

அவன் நடக்கிற சத்தம் கேட்டது. அவன் மெதுவாக ஏதோ சொல்வதும், ஒரு கோப்பையைக் கீழே வைப்பதும் கேட்டது. தோர்டிஸ் அம்மா சந்தோஷமாக ஹலோ சொன்னார். கெபிருங்கி சுற்றி வளைக்கவில்லை. நாளைக்கு நீங்கள் கொரில்லா பார்க்க முடியாது என்றாள். தப்பு என்னுடையது, பெர்மிட் காட்டின் அந்தப் பக்கத்துக்கு வாங்கிவிட்டேன், இரவில் என் டிரைவர் வண்டி ஓட்டக்கூடாது, அவர் ஓட்டுகிறேன் என்றுதான் சொல்கிறார், நான் விட மாட்டேன். பெர்மிட்டுக்குக் கொடுத்ததை நான் திருப்பித் தந்துவிடுகிறேன். நாளைக்குக் காலையில் வேண்டுமானால் காட்டுக்குள் அருவிவரை நடந்துவிட்டு வரலாம்.

"எங்கள் ஊரில் அருவிக்குப் பஞ்சமில்லை" என்றார் தோர்டிஸ் அம்மா.

அதற்குப் பிறகு அவர் குரல் ஏறியது. இந்த நடைக்காகவே நான் முழங்காலுக்கு ஆபரேஷன் செய்துகொண்டேன் தெரியுமா? பனியில் வெளியே போக முடியாதபோது குடியிருப்பின் மாடிப்படியிலேயே ஏறி இறங்கிப் பழகினேன் தெரியுமா? பக்கத்து வீட்டார் என்னைக் கிறுக்கு என்றார்கள். நீ ஒரு காகிதத்தைச் சரியாகப் பார்க்கவில்லை! உன் டிரைவர் தங்கமான மனிதர், நீ இந்த வேலைக்கு லாயக்கில்லை.

"ஆமாம்" என்றாள் கெபிருங்கி.

"நான் இதை எல்லா இடத்திலும் எழுதுவேன்."

"எழுதுங்கள் அம்மா."

அந்த அம்மாவுக்கு இன்னும் திட்டவேண்டும் போலிருந்தது. எதிராளி மல்லுக்கு நிற்காததால் வார்த்தை தீர்ந்துபோய்விட்டது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சமாதானம் சொல்ல கெபிருங்கியிடம் ஒன்றும் இல்லை, இருந்தாலும் சொல்கிற யோக்கியதை இல்லை. 

துரினாவே மறுபடி போனில் வந்தான். "அழுதுக்கிட்டே ரூமுக்குப் போயிருச்சு. வழியெல்லாம் கொரில்லாவப் பத்தித்தான் கேட்டுக்கிட்டு வந்துச்சு. பாவம்."

"பாவம்தான்."

"இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல கெபிருங்கி. நான் போய்க் கதவத் தட்டி, ரெண்டு மணிக்குத் தயாரா இருங்கன்னா..."

"தட்டாதே."

"பேரு போயிரும்."

"போகட்டும். இனிமே காகிதத்துல தப்புன்னா அங்கயே என் மூஞ்சில எறி. நான் கத்தினா நீயும் கத்து. வெள்ளக்காரங்க பாத்தா பாத்துட்டுப் போறாங்க. புருஷன் பொண்டாட்டி சண்டையும் பாத்தோம்னு எழுதட்டும்."

அவன் சிரிக்க முயன்றான், வரவில்லை.  போனை வைத்துவிட அவளுக்கு மனசில்லை. அவனுக்கும் இல்லை போலிருக்கிறது.

"சரி" என்றான் கடைசியில். "அப்ப நாளைக்கு நான் எத்தன மணிக்கு எந்திரிக்கணும்?"

"எந்திரிக்க வேணாம்."

"இல்ல, எத்தன மணிக்குன்னு சொன்னா அலாரம் வெச்சிக்குவேன்."

"அலாரம் வேணாம்யா. எந்திரிக்கவே வேணாம். உனக்கா முழிப்பு வர்றவரைக்கும் தூங்கு. யாரும் உன்னக் கூப்பிட மாட்டாங்க, நானும் கூப்பிட மாட்டேன்."

 லைன் போய்விட்டதோ என்று போனைக் காதில் அழுத்தி வைத்துக் கேட்டாள். போகவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அழுது அவள் கேட்டதில்லை. அடிபட்ட ஆள் மாதிரி அழாமல், சின்னப் பிள்ளை மாதிரி விட்டுவிட்டு விம்மினான்.

"நெசமாவா?" என்று கேட்டான். "எந்திரிக்கவே வேணாமா?"

"வேணாம்யா" என்றாள் கெபிருங்கி. "போய்ப் படு."