எடுக்காத சீட்டு

“அந்த இன்னொரு சீட்டையும் பிரிங்கப்பா.”

அம்மாவின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கூடத்தில் கிடத்தி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. கால்மாட்டில் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா, காதில் விழாதவர்போல அதன் உறையைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். இதை மட்டும் கேட்கக் கூடாது என்று, பால்பல் விழுவதற்கு முன்பே மகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அங்கே எல்லாவற்றுக்கும் சீட்டுதான். அப்பாவும் அம்மாவும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். அவர் இஸ்திரி போடுவார், அவள் பட்டன் தைப்பாள். உடுப்புகளில் அடையாளத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணித்துண்டு இரண்டை எடுத்து, துவைத்தாலும் போகாத மையில் அம்மா எழுதுவாள். ஒன்றில் ‘போ’, இன்னொன்றில் ‘காத்திரு’. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டையும் சுருட்டிப் புத்தக உறைக்குள் போட்டு, முழங்காலில் நின்று ஜெபித்து, ஒன்றை எடுப்பார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் அதை வாசித்துச் சொல்வார். எடுக்காத சீட்டு ஒரு வாரம் உறைக்குள் கிடந்து, அடுத்த ஞாயிறு அடுப்புக்குப் போகும். அதைப் பிரித்துப் பார்ப்பது கர்த்தரைச் சந்தேகப்படுவது. இது அப்பாவின் சட்டம்.

போன ஞாயிறு எடுத்தது அம்மாவின் ஆபரேஷனுக்கு. வயிற்றில் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, வெடித்தால் காப்பாற்ற நேரம் கிடைக்காது என்று டாக்டர் தேதியே குறித்துக் கொடுத்திருந்தார். வந்தது ‘காத்திரு’. நேற்று, வியாழக்கிழமை மத்தியானம், பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியும் கையுமாகச் சரிந்தாள்.

“வக்கீல் ஆரம்பிச்சுட்டா,” என்றாள் சித்தி, மூக்கைச் சிந்திக்கொண்டே. கேள்வி கேட்டே வளர்ந்ததால் வந்த பட்டப்பெயர் அது. “அவ்வளவு படிச்சியே, துக்க வீட்டுல எப்படிப் பேசணும்னு சொல்லித்தரலையா?”

“இல்ல சித்தி. துக்கம் யாரால வந்துச்சுன்னு கேக்கத்தான் சொல்லித்தந்தாங்க.”

போதகர் மெதுவாக எழுந்து வந்தார். “நீ மனசு நொந்து பேசுறேம்மா. அவருடைய வழியெல்லாம் நமக்கு...”

“நீங்கதானே ஐயா அதை வாசிச்சீங்க. இதையும் வாசிங்க.”

அவள் உறைக்குள் கையை விட்டாள். அப்பா மணிக்கட்டைப் பிடித்தார். இருபத்தாறு வருஷ நீராவி அவர் விரல் நுனிகளை வழுவழுப்பாக்கியிருந்தது. அந்தப் பிடியில் பலம் இல்லை. தானாகவே நழுவிற்று.

‘போ’ என்றிருக்கும். அதை அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்ட வேண்டும். வழியெல்லாம் பஸ்ஸில் அவள் நினைத்துக்கொண்டு வந்தது அதைத்தான். சுருளைப் பிரித்தாள்.

‘காத்திரு’.

போதகர் எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“என்னம்மா போட்டிருக்கு?” என்றார் அப்பா. கூடத்தில் இருந்தவர்களில் வாசிக்க முடியாதவர் அவர் ஒருவர்தான்.

“காத்திருன்னு போட்டிருக்குப்பா.”

“அது நான் எடுத்ததுல்ல?”

“இதுலயும் அதேதான்.”

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சித்தி அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். “உங்கம்மா பயந்துட்டாடி. கத்தி வெக்கிறதுன்னாலே அவளுக்கு நடுங்கும். உங்கப்பாகிட்ட சொன்னா விசுவாசம் இல்லன்னு வருத்தப்படுவாருன்னு சொன்னா. இதை எங்கிட்டயும் சீட்டு வந்தப்புறம்தான் சொன்னா.” கதவைச் சாத்திவிட்டு, “உனக்கும் அப்படித்தான் எழுதினா. காலேஜுக்கு. ரெண்டுமே ‘போ’,” என்றாள்.

அந்த வீட்டில் அவள் ஏசாத பொருள் கிடையாது. அந்த ஒரு ‘போ’வை மட்டும் ஏசியதில்லை. காலேஜில் முதல் வருஷம், வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்கும். விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். என்னைக் கர்த்தர்தான் அனுப்பினார், நானாக வரவில்லை என்று சொல்லிக்கொண்டுதான் மறுநாள் வகுப்புக்குப் போவாள். அனுப்பியது பட்டன் தைக்கிறவள்.

அந்தப் பட்டன்காரி போன சனிக்கிழமை போன் பண்ணியிருந்தாள். “ஆபரேஷன் பத்தி நீ என்ன சொல்றே பாப்பா?” என்று கேட்டாள். இவளுக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை. “என்னை ஏன் கேக்குறே? உங்க வீட்டுலதான் சீட்டு இருக்கே,” என்றாள். உங்க வீடு என்றுதான் சொன்னாள். அம்மா சிரித்தாள். “ஆமால்ல,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நாலு மணிக்கு அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில், வாடகை நாற்காலி ஒன்றைப் போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

“புது வேலைல என்னைக்குச் சேரணும்?”

“திங்கக்கிழமை.”

சட்டைப் பையிலிருந்து இரண்டு துணித்துண்டுகளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். “இனிமே நீதான் எழுதணும்.”

“இதுக்கு அப்புறமுமாப்பா?”

“அவ பண்ணதுக்குக் கர்த்தர் என்ன செய்வாரு? நீ ஏமாத்த மாட்டே.” துண்டுகளைத் தொடையில் வைத்து, சட்டைக் காலரை நீவுவதுபோல நீவினார். “எல்லாத்தையும் அவர்கிட்ட கேட்டேன். பயமா இருக்கான்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல.”

“நானும்தான் கேக்கல.”

அவள் பேனாவை வாங்கினாள். இப்போது என்ன எழுதினாலும் அதுதான் கர்த்தரின் வாக்கு. மூடியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

“எழுத மாட்டேன்பா.”

“அப்புறம் அவரு சித்தம் எப்படித் தெரியும்?”

“தெரியாது. குழிகிட்ட நின்னப்ப நானே கேட்டேன். ஒண்ணும் சொல்லல. ஆனா கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு, அது தெரிஞ்சுது. போறேன். தப்பா போனா அவரே திருப்பட்டும்.”

அப்பா பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

“நீங்களும் எங்கூட வர்றீங்களா?”

அவர் கண் புத்தகத்துக்குப் போயிற்று.

“அதைப் பாக்காதீங்கப்பா. உங்களைத்தான் கேக்குறேன்.”

அவருக்கு அந்தக் கேள்வி பழக்கமில்லை. கை உறைவரை போய், அதன்மேலேயே நின்றது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு, “டிக்கெட் எடுத்துட்டு வரேன்,” என்று செருப்பைத் தேடினாள். எத்தனை டிக்கெட் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வாசலில் நாற்காலிக்காரர் வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை எண்ணிவிட்டு, “ஒண்ணு குறையுதும்மா,” என்றார்.

“உள்ள எங்கப்பா உக்காந்திருக்காரு. எழுப்பாதீங்க. அவரா எந்திரிக்கட்டும்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“தெரியலைங்க,” என்று சொல்லிவிட்டு, அவள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.