நிச்சயத் தட்டில் மண்டையோடு

வினோதினிக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே யாரையாவது கடித்துக் குதறலாம் போல இருந்தது. நிச்சயதார்த்தம் அவளுக்குத்தான். ஆனாலும் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் விடியும்போதே தொடங்கிய சண்டை, சிதம்பரத்துக்கு வேன் கிளம்புகிற வரைக்கும் ஓயவில்லை. கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தது. அந்த ஆட்களிடம் அவள் அம்மா பட்டம்மாள், "அந்த மூலையில கெடக்கற அட்டைப்பொட்டியையும் சேத்துக் குப்பையில கொட்டிடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

"எம்பொட்டிய எவன் தொட்டாலும் நான் மண்டபத்துக்கு வரமாட்டேன்" என்றாள் வினோதினி.

"இன்னாடி, அதுல பவுனா வெச்சிருக்க? கத்தற பாட்டும் கட்டிப்புடிக்கற புஸ்தகமும். போற எடத்துல பாத்தா காறித் துப்புவாங்க."

"துப்பறது அவுங்க, தொடச்சிக்கறது நான். ஒனக்கென்ன வந்துச்சி?"

பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வேனில் பின்சீட்டுக்கு அடியில் தள்ளினாள். பட்டுப்புடவையெல்லாம் தூசி. அதற்கும் பட்டம்மாள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள்.

அப்படி என்னதான் இருந்தது அந்தப் பெட்டியில்? ஒரு பாதி இங்கிலீஷ் ராக் பாட்டு சிடிகள். மறுபாதி இருநூறு வருஷத்துக்கு முந்தின சீமைக் காதல் நாவல்கள். சிதம்பரத்தில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்த காலத்தில் பழைய புஸ்தகக் கடையில் பேரம் பேசிப் பேசிப் பொறுக்கியது.

வினோதினி அடக்கமான பெண் என்று தெருவில் பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்தால் வாயாடி, சிரித்தால் திமிர் பிடித்தவள், சும்மா இருந்தால் ஊமைக்கோட்டான். பின்னே எப்படித்தான் இருப்பது? அவள் கத்த முடியாததையெல்லாம் எங்கோ ஒரு ஊரில் ஒருத்தன் தொண்டை கிழியக் கத்திக் கொடுத்தான். அவன் மூச்சு வாங்க நிறுத்தும்போது கிதார் பிடித்துக்கொள்ளும், கிதார் ஓயும்போது டிரம்ஸ்காரன் போட்டு நொறுக்குவான். கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைக் காதில் மாட்டிக்கொண்டால், பக்கத்தில் வந்து இடிக்கிற தடியனை முழங்கையால் ஒரு குத்து விடத் தைரியம் வரும். விட்டுமிருக்கிறாள்.

நாவல்கள் வேறு மாதிரி. அதில் வருகிற பெண்கள் சத்தமே போடமாட்டார்கள். டீ குடித்துக்கொண்டே மரியாதையாக நாலு வார்த்தை பேசி, எதிரில் இருக்கிறவன் மூக்கை உடைப்பார்கள். ஆண்பிள்ளை தலைக்கனம் பிடித்தவனாக இருப்பான். முக்கால் புஸ்தகம் வரைக்கும் மனசில் இருப்பதைச் சொல்லித் தொலைக்கமாட்டான். ஆனால் சொல்ல வேண்டிய நேரம் வந்தால் சொல்லிவிடுவான், யார் பார்த்தாலும் கவலை இல்லை. அந்தப் பக்கம் வரும்போது வினோதினி பஸ் என்றும் பார்க்காமல் அழுதிருக்கிறாள். முடிவு தெரிந்ததுதான். தெரிந்தால் என்ன? அவன் வாயைத் திறக்கிற அழகுக்காகவே இன்னொரு தரம் படிக்கலாம்.

இந்த லட்சணத்தில்தான் செந்தமிழ்ச்செல்வன் பெண் பார்க்க வந்தான். தனியார் இன்ஜினியரிங் காலேஜில் வாத்தியார் வேலை. அப்பா இல்லை, தமிழ்ப்பற்றில் அவர் வைத்துவிட்டுப் போன பெயரும் கெடுபிடியும் மட்டும் வீட்டில் இருந்தன. அவன் வீட்டில் இங்கிலீஷ் பாட்டு என்று மூச்சுவிடக் கூடாது. அம்மா தில்லையம்மாள் அந்தச் சட்டத்தைக் கட்டிக் காப்பாற்றி வந்தாள். ஆனால் பேச்சு ஒத்துவந்து செல்போனில் பேசத் தொடங்கியதும் அவனே சொன்னான், தனக்கு ராக் என்றால் உயிர் என்று. அதற்கப்புறம் பேச்சு முழுக்க அதுதான். சென்னைக்குப் போனபோது தேடிப்பிடித்து ஒரு சிடியும் வாங்கிவந்து, பஸ் ஸ்டாண்டில் வைத்து அவள் கையில் கொடுத்தான். கறுப்பு அட்டை, நடுவில் பல்லை இளித்துக்கொண்டு ஒரு மண்டையோடு.

"எங்கம்மாகிட்ட மட்டும் மூச்சு விட்றாதீங்க" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது, முட்டாள் பெண்! ஆனால் அவளுக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அட்டைப்பெட்டியை ஒளித்துவைக்காமல் கூடத்திலேயே வைத்துக்கொள்ள ஒரு வீடு கிடைக்கப்போகிறது. கல்யாணத்தில் அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பக்கத்து மண்டபம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, வந்திறங்கிய சீரை ஒவ்வொன்றாக எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள். வினோதினியை உள்ளறையில் தலைக்குப் பூ வைக்க உட்கார்த்திவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பொன்னி அத்தை தலையில் கைவைத்தாள். அத்தை அப்பாவின் தங்கை, சீர் விஷயத்தில் அவள் சொன்னதுதான் சட்டம். சீர்த் தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் இரட்டைப்படை!

கடைக்குப் போக நேரமில்லை. அத்தை வேனைக் குடைந்தாள், பெட்டி அகப்பட்டது. புஸ்தகம் என்றால் சரஸ்வதி, பாட்டு என்றாலும் சரஸ்வதி. மாப்பிள்ளையோ வாத்தியார். இதைவிடப் பொருத்தமான தட்டு வேறெது? நாவல்களை விசிறி மாதிரி அடுக்கி, நடுவில் அந்தக் கறுப்பு அட்டை சிடியை நிமிர்த்திவைத்து, ஜிகினாத் தாள் சுற்றி, எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டாள். மண்டையோட்டின் நெற்றியிலும் வட்டமாக ஒரு பொட்டு. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தாள், மகராசி.

தில்லையம்மாளுக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.

"இன்னாது இது? நிச்சயத்தட்டுல மண்டையோடு!"

மண்டபமே எழுந்து நின்றது. சத்தம் கேட்டு வினோதினி பாதிப் பூவோடு ஓடிவந்தாள். அதற்குள் செல்வனின் தாய்மாமன் பழனிவேல் ஜிகினாத் தாளைக் கிழித்து நாவல்களை வெளியே எடுத்துவிட்டார். ஒரு அட்டையில் ஒருத்தன் ஒருத்தியை இறுக்கிப் பிடித்திருந்தான். இன்னொரு அட்டையில் அவர்கள் அதையும் தாண்டிப் போயிருந்தார்கள். பழனிவேல் ஒவ்வொன்றையும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிதானமாகப் பார்த்துவிட்டு, "சீச்சீ" என்றார்.

"நான் தேங்காய்னு நெனச்சேன்" என்று பொன்னி அத்தை அழுதாள்.

"தேங்காய்க்குப் பல்லு இருக்குமா? எம்புள்ள உசுருக்குக் குறி வெச்சா வந்திருக்கீங்க?" தில்லையம்மாள் வினோதினி பக்கம் திரும்பினாள். "இந்தாம்மா, இதெல்லாம் ஒன்னோடதா?"

"என்னோடதுதான்."

"பேயாட்டம் கத்தற பாட்டு, வெக்கங்கெட்ட புஸ்தகம். இதத்தான் எம்.ஏ.ல சொல்லிக் குடுத்தாங்களா?"

வினோதினி மேடையில் உட்கார்ந்திருந்த செல்வனைப் பார்த்தாள். அவளுக்குப் பதறவில்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் குதூகலமாகக்கூட இருந்தது. இதோ, எழுந்து நின்று சொல்லப்போகிறான்! செல்வன் எழுந்தான். அவள் பக்கத்தில் வந்து, கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு குசுகுசுத்தான்.

"இப்ப மட்டும் மன்னிப்பு கேட்டுட்டுத் தூக்கிப் போட்டுடுங்க. கம்ப்யூட்டர்ல எல்லாம் வெச்சிருக்கேன். கல்யாணத்துக்கப்பறம் அம்மாவுக்குத் தெரியாம ஹெட்போன்ல கேட்டுக்கலாம்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். வினோதினிக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

"அந்த மண்டையோட்டு சிடி உங்க புள்ள எனக்குக் குடுத்தது. வேணும்னா அவரையே கேளுங்க" என்றாள் சத்தமாக.

"ஏண்டா, நீயா குடுத்த?"

செல்வன் அம்மாவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "இல்லம்மா. எனக்கு இதப்பத்தி ஒண்ணும் தெரியாது. இங்கிலீஷ் பாட்டே நான் கேக்கறதில்லியே."

"கேட்டியாய்யா! பொய் வேற!" பழனிவேல் தொடையைத் தட்டினார். "கோவிந்தசாமி, பொண்ண நல்லா வளத்திருக்க. ஒண்ணு பண்ணு. அந்தப் பொட்டியோட எல்லாத்தையும் கொண்டுபோய்க் கொளத்துல போடச் சொல்லு. போட்டுட்டு வந்து எங்கக்கா கால்ல விழட்டும். அப்பறம் தட்டு மாத்தறதப் பத்திப் பேசுவோம்."

கோவிந்தசாமி மகளின் முகத்தைப் பார்க்காமலேயே, "போட்டுடும்மா. மானத்த வாங்காத" என்றார். பட்டம்மாள், "அப்பவே சொன்னேன், அப்பவே சொன்னேன்" என்று மாரில் அடித்துக்கொண்டாள். மொத்த மண்டபத்திலும் அவள் பக்கம் பேச ஒரு நாதி இல்லை.

வினோதினி தட்டிலிருந்து சிடியை மட்டும் எடுத்துக்கொண்டு, மைக் செட்காரரிடம் போனாள். "அண்ணே, இதப் போடுங்க. சத்தமா."

அவர் பாவம், கல்யாணப் பெண்ணே கேட்கிறாளே என்று போட்டுவிட்டார். முதல் கிதார் அடியிலேயே சமையல்கட்டில் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். "நிறுத்து, நிறுத்து" என்று பழனிவேல் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. வினோதினி யாரையும் பார்க்கவில்லை. செல்வனின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாட்டில் ஒரு இடம் உண்டு. எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுபோகும். பாட்டு முடிந்துவிட்டது என்றே தோன்றும். நாலைந்து மூச்சுக்கு அப்புறம் எதிர்பாராத நேரத்தில் டிரம்ஸ் ஒரே அடியாக விழும். பல தரம் கேட்டு ஊறினவனுக்குத்தான் அது எப்போது விழும் என்று பிடிபடும்.

பாட்டு நின்றது. "அப்பாடா, முடிஞ்சிபோச்சி" என்றாள் யாரோ ஒரு கிழவி. அந்த அமைதியில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மேடையில் மாப்பிள்ளையின் வலது குதிகால் தானாக மேலே எழும்பியது. எழும்பி அங்கேயே நின்றது. டிரம்ஸ் அடி விழுந்த அதே கணத்தில் குதிகாலும் ஜமுக்காளத்தில் விழுந்தது, தலையும் கூடவே ஆடியது. அதற்கப்புறம் கால் நிற்கவே இல்லை. மண்டபத்தில் அத்தனை பேரும் தூக்கிவாரிப்போட்டு நிற்க, அவன் ஒருத்தன் மட்டும் தாளம் தப்பாமல் போட்டுக்கொண்டிருந்தான், பாவி.

மைக் செட்காரர் பயந்துபோய்ச் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். தில்லையம்மாள் மகன் காலைப் பார்த்தாள். "இன்னாடா, இந்தப் பாட்டு ஒனக்குத் தெரியுமா?"

செல்வன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். அதற்குமேல் அந்த மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வினோதினி பெரிய சண்டையை எதிர்பார்த்தாள். நடந்தது வேறு. தில்லையம்மாள் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு சிரித்தாள்.

"அட, எம்புள்ள கேக்கற பாட்டுதானா? இந்தக் காலத்துப் புள்ளைங்க கேக்கத்தான் செய்யும். அதுல இன்னா கெட்டுப்போச்சி? ஆளாளுக்கு ஜாஸ்தி பேசாதீங்க. தட்ட மாத்துங்க சம்பந்தி, நல்ல நேரம் போவுது."

பட்டம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். கோவிந்தசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு நேரம் சீச்சீ சொன்ன பழனிவேலே நாவல்களைக் கூட்டி மறுபடி தட்டில் அடுக்கினார், அட்டைகளை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டே. அவள் வைத்திருந்தபோது அசிங்கம். அவன் கால் ஆடியதும் அதே சாமான் சீர்வரிசை. வினோதினிக்கு வயிறு எரிந்தது.

செல்வன் இறங்கி வந்தான். முகத்தில் அசட்டுச் சிரிப்பு. "பாத்தீங்களா, எல்லாம் சரியாப் போச்சி. வந்து உக்காருங்க."

"இன்னா சரியாப் போச்சி? நீ வாயத் தொறந்தியா?"

அதுவரைக்கும் அவள் அவனை நீங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் திகைத்துப்போனான். "அதான் எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சே. விடேன், வினோ."

வினோதினி, மாற்றுவதற்காகப் பழனிவேல் கையில் எடுத்த தட்டைப் பிடுங்கினாள். நாவல்கள் சரியாமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பட்டம்மாள் "அடியே" என்று கையைப் பிடிக்க வந்தாள், பிடிக்க முடியவில்லை. வினோதினி வாசல்வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பினாள், பாட்டுச் சத்தத்தையும் மீறி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நீ ஒத்துக்கல. உங்காலுதான் ஒத்துக்கிச்சி. காலுக்கா நான் கழுத்த நீட்டறது?"