ஈச்சங்கோனையின் சிவப்பு நூல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கே ரோஹிணிக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போய்விட்டது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. இடுப்பில் தோல் உறை போட்ட கத்தி. ஆட்டையே உரிக்கலாம், அவ்வளவு நீளம். மூன்று மணி நேரம் ஏறி, ஒரு குட்டையில் குளித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தோப்புக்கு இறங்கப் போகிறவனுக்கு எதற்கு அது?

ஆளின் பெயர் புருஷோத்தமன். திருப்பதியில் வீடு. காட்டில் தனியாக மாட்டிக்கொண்டால் எப்படிப் பிழைத்து வருவது என்று யூடியூபில் பாடம் நடத்துகிறவன். நேரில் பாடம் கேட்க அன்று ஐந்து பேரைக் கூட்டி வந்திருந்தான். நான்கு பேர் திருப்பதி இளைஞர்கள், ஐந்தாவது சித்தூரிலிருந்து வந்த காவ்யா. மழைக்காலத்தில் ஜீன்ஸ் போட்டு மலை ஏறாதே என்று அந்தப் பெண்ணிடம் சொல்லக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

ரோஹிணி வாரத்தில் ஆறு நாள் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும், வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஈச்சங்கோனைக்குக் கூட்டிப்போய்ப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து விடுவாள். கோனை என்றால் மலை மடிந்த இடத்தில் இறங்கி வரும் ஓடை. அவள் கணவன் மணிவேல் அடிவார மாந்தோப்பில் அடுப்பு மூட்டி எல்லோருக்கும் சமைத்து வைத்திருப்பான். ஏறுவதற்கு முன் அவள் எல்லோரையும் நிற்க வைத்து இரண்டு விஷயம் சொல்வாள். அன்றும் சொன்னாள்.

"தண்ணி நெறம் மாறிச்சின்னா நான் கெளம்புன்னு சொல்வன். அப்ப கெளம்பணும். ஏன் எதுக்குன்றத கீழ வந்து கேளுங்க. ரெண்டாவது, மேல எத உட்டுட்டு வந்தாலும் அது உட்டதுதான். போன் ஆவட்டும், பர்ஸ் ஆவட்டும். யாரும் திரும்பிப் போவக் கூடாது."

"மைண்ட்செட்தான் அக்கா எல்லாமே," என்றான் புருஷோத்தமன், அவளிடம் சொல்வதுபோல் தன் ஐந்து பேருக்குமாக. "காட்டுல ஃபர்ஸ்ட் எனிமி பயம்தான். பயத்த ஜெயிச்சிட்டா பாதி வேல முடிஞ்சிது."

ரோஹிணி திரும்பி நடக்கத் தொடங்கினாள். பயப்படத் தெரிந்திருந்தால் அவளுடைய தம்பி அருள்குமார் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.

இரண்டு வருடத்துக்கு முன், இதே கார்த்திகை மாதம். ஓடை பொங்கிய நேரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் ஒன்பது பேரைக் கீழே கொண்டுவந்து சேர்த்தான் அருள்குமார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அப்போது ஒருத்தன், என் பை பாறை மேலயே இருக்கு அண்ணா என்று முகத்தைத் தொங்கப்போட்டான். "ரெண்டே நிமிஷம்க்கா" என்று ரோஹிணியிடம் சொல்லிவிட்டு அருள்குமார் திரும்பி ஓடினான். மூன்றாம் நாள் அடிவார ஏரியில் தண்ணீர் வழிகிற கலங்கலுக்குக் கீழே அவனை எடுத்தபோது பை தோளில் மாட்டியபடியே இருந்தது. பைக்காரன் வீட்டிலிருந்து போன் வந்தது. பை கிடைத்ததா என்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அவளும் மணிவேலும் மேட்டுப் பாதையை வெட்டினார்கள். ஓடை பொங்கினால் ஓடையை ஒட்டி இறங்கக் கூடாது, மேலே முள்ளுக்காட்டுக்குள் சுற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அந்தக் காட்டிலோ ஒரு புதருக்கும் இன்னொரு புதருக்கும் வித்தியாசம் தெரியாது. தப்பான இடத்தில் திரும்பினால் நேராகப் பள்ளம். அதனால் தறியில் கழித்துப் போடுகிற வேஸ்ட் நூலில் சிவப்பை மட்டும் பொறுக்கிவந்து, ஏறும்போது வலது கைப்பக்கம் வருகிற மாதிரி, நெஞ்சு உயரத்தில், சாண் நீள வால் தொங்கக் கட்டினார்கள். இருபதடிக்கு ஒன்று. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. அறுந்த இழையை முடிகிற தறி முடிச்சு அது, இழுக்க இழுக்க இறுகும், நகத்தால் பிரிக்க முடியாது. ஒவ்வொன்றையும் கட்டும்போது அவள் அழுதாள். மணிவேல் பார்க்காத மாதிரி முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

இவர்கள் ஓடை வழியாகவே ஏறி, பத்தரை மணிக்குக் குட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். வந்ததும் ரோஹிணி தண்ணீர் விளிம்பில் வெள்ளைக் கல் ஒன்றை வைத்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் குளித்தார்கள். புருஷோத்தமன் கல்லும் இரும்பும் உரசி நெருப்பு உண்டாக்கிக் காட்டினான். காய்ந்த பஞ்சில் அது உடனே பற்றியது, எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு ஓடையைத் தாண்டி எதிர்ப்பாறைக்குப் போய், ட்ரோனைப் பறக்க விட்டான்.

வானம் நீலமாகத்தான் இருந்தது. பதினொன்றரைக்குப் பச்சை இலைகள் மிதந்து வந்தன. பழுத்து விழுந்தவை இல்லை, காம்போடு பிய்ந்தவை. ரோஹிணி குனிந்து கல்லைப் பார்த்தாள். கல் முங்கியிருந்தது. தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது.

"கெளம்புங்க! எல்லாரும்! ஈரத் துணியோட கெளம்புங்க!"

"ஸ்கை கிளியரா இருக்கேக்கா," என்று எதிர்ப்பாறையிலிருந்து கத்தினான் புருஷோத்தமன். "டென் மினிட்ஸ்! ஒரு ஷாட் மட்டும்! பர்லேதுக்கா, ஒண்ணும் ஆகாது!"

"மழ இங்க பேய வாணாம் சார், மேல பேஞ்சா போதும்! அத்த அங்கயே போட்டுட்டு இந்தாண்ட வா!"

அவன் வரவில்லை. கூட வந்தவர்கள் இவள் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காவ்யா ஒருத்திதான் ஷூவை மாட்ட ஆரம்பித்தாள். ட்ரோன் இறங்கி அவன் அதைப் பெட்டியில் வைக்கிற நேரத்தில் மேலேயிருந்து தொடை பருமன் கிளை ஒன்று உருண்டு வந்து பாறையில் மோதியது. அப்போதுதான் பயம் என்ற எதிரி அவனையும் வந்து பார்த்தான். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் தடுமாறி இக்கரைக்கு வந்து விழுந்தான். வந்தவன் உடனே திரும்பிப் பெட்டியைப் பார்த்தான்.

"பாக்காத," என்றாள் ரோஹிணி. "அது போச்சி. நட."

அவர்களை மேட்டுப் பாதை தொடங்கும் இடத்துக்கு ஏற்றிக் கொண்டுவந்தாள். அதற்குள் மழையும் மேலிருந்து இறங்கிவந்து பிடித்துக்கொண்டது. முதல் நூல் ஒரு காரைச் செடியில் இருக்கும். இல்லை. சரி, அறுந்திருக்கும் என்று இருபதடி போனாள். இரண்டாவதும் இல்லை. மூன்றாவது இருக்க வேண்டிய புதர் எதுவென்றே தெரியவில்லை. கீழே ஓடை இரைந்துகொண்டிருந்தது.

"என்னக்கா தேடறீங்க? அந்த ரெட் த்ரெட்டா?" என்று கேட்டான் புருஷோத்தமன். "நேத்து ரூட் பாக்க வந்தப்ப நான்தான் க்ளீன் பண்ணேன். ஒரு பை ஃபுல்லா வந்திச்சி, கார்ல இருக்கு. காட்டுல நாம எதையும் விட்டுட்டு வரக் கூடாது. அது பாலியஸ்டர்க்கா, மக்கவே மக்காது."

அவன் சொன்னது பொய்யில்லை. பாலியஸ்டர் மக்காது. மக்கக் கூடாது என்றுதான் பருத்தி நூலை ஒதுக்கிவிட்டு அவள் அதைப் பொறுக்கியிருந்தாள்.

ரோஹிணி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். தன் கையில் இத்தனை பலம் இருப்பது அவளுக்கே தெரியாது. "குப்பன்னு நெனச்சியா? மரத்துக்கு மரம் ஒரே உசரத்துல ஒரே கலர்ல எந்தக் குப்ப வந்து குந்திக்கினு கீது? ஊருக்கெல்லாம் பாடம் சொல்றியே, இது இன்னா ஏதுன்னு கீழ ஒரு ஆளக் கேட்டியா நீ? எந்தம்பி செத்தப்பறம் அவனுக்காவப் போட்ட வழிடா இது!"

காவ்யா அழ ஆரம்பித்தாள். அவனை அங்கேயே தள்ளிவிட்டால் என்ன என்றுகூட ரோஹிணிக்குத் தோன்றியது. தோன்றியதற்காக அவள் வருத்தப்படவும் இல்லை. ஆனால் ஏழு தலை இறங்க வேண்டும்.

"முடிச்ச எப்டி அவுத்த?" என்றாள்.

"அவுக்க வரலக்கா. தொங்கினத மட்டும் கத்தியால வெட்டினேன்."

அவள் சட்டையை விட்டாள். திரும்பிப் போய் அந்தக் காரைச் செடியில், இறங்கும் பாதைக்கு இடது கைப்பக்கம், நெஞ்சு உயரக் கிளையில் விரலை ஓட்டினாள். மிளகளவு முடிச்சு ஒன்று தட்டுப்பட்டது. கண்ணுக்குத் தெரியாது, மழையில் மரப்பட்டையோடு பட்டையாகக் கறுத்துக் கிடந்தது. தறி ஓடும்போதே ஆயிரம் இழைக்குள் முடிச்சைத் தடவிக் கண்டுபிடிக்கிற விரல் அது.

"எல்லாரும் இங்கியே குந்துங்க. நான் அடுத்தது எங்கன்னு பாத்து விசில் ஊதனாதான் எழுந்திரிக்கணும். ஆளு மேல ஆளு கண்ணு இருக்கட்டும். மரத்துக்கு அடில போவாதீங்க, இடி எறங்கும்."

புருஷோத்தமன் கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். அப்படியே இறங்கினார்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் நாலைந்து புதரைத் தடவ வேண்டியிருந்தது. ஈச்ச முள்ளும் காரை முள்ளும் கையைக் கிழித்தன. முடிச்சு கிடைத்தால் விசில், தலை எண்ணிக்கை, பிறகு அடுத்தது. ஐம்பதுக்கு மேல் எங்கோ காவ்யாவின் கால் கல்லிடுக்கில் மடங்கி, கணுக்கால் வீங்கிப் போனது. புருஷோத்தமன் அவளை முதுகில் தூக்கிக்கொண்டான். கடைசி வரை இறக்கவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு மணி நேரப் பாதைக்கு மூன்று மணி நேரம் ஆனது. மாந்தோப்பில் மழை விட்டிருந்தது. மணிவேல் கரண்டியோடு ஓடிவந்து எண்ணிப் பார்த்தான். "ஏழு," என்றான். இரண்டாவது முறையும் எண்ணினான். காவ்யாவைப் புத்தூருக்குக் கட்டுப் போட அழைத்துப்போக ஒருத்தன் வண்டியை எடுத்தான். ரோஹிணி நேராகப் புருஷோத்தமனின் காருக்குப் போய், திற என்று சைகை காட்டி, அந்தப் பையை எடுத்தாள். சிப்ஸ் உறைகளுக்கு நடுவே சிவப்பு நூல் பந்து பந்தாக இருந்தது. அதை மட்டும் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு மாமரத்தடியில் உட்கார்ந்தாள்.

முதுகுப் பக்கம் புருஷோத்தமனின் குரல் கேட்டது.

"அண்ணா, ட்ரோன் பெட்டி அந்தப் பாறை மேலயே இருக்கு. பாறை உசரம்தான், தண்ணி ஏறியிருக்காது. உங்களுக்குத் தெரியாத வழியா? கொஞ்சம் எடுத்துக் குடுத்தீங்கன்னா... உங்களப் பாத்துக்கறேன்ணா."

"அதுக்கென்னா சார்," என்றது மணிவேலின் குரல். "ரெண்டே நிமிஷம்."

ரோஹிணி திரும்பினாள். மணிவேல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் அப்படித்தான். வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. அருள்குமாருக்கும் வந்ததில்லை. வந்தவர்கள் முகம் வாடிப் போகக் கூடாது, அது இந்த ஆண்களுக்கு உயிரைவிடப் பெரிது.

அவள் எழுந்து போய் மணிவேலின் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். மடியிலிருந்த நூலில் ஒரு கொத்தை எடுத்து, துண்டோடு துண்டு முடிந்து நீளமாக்கி அவன் மணிக்கட்டைச் சுற்றினாள். அதே நூலைத் தன் வலது மணிக்கட்டிலும் சுற்றி, ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்து முடிந்தாள். முள் கிழித்த ரத்தம் நூலில் ஒட்டியது.

"இன்னாமே இது," என்றான் மணிவேல் மெதுவாக. "ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும். போறதா இருந்தா என்னியும் இஸ்துகினு போ."

"பாவம்மே, அவுரு பொருளு..."

"எந்தம்பி யாரு பொருளு மாமா?"

ரோஹிணி கட்டிய கையைப் புருஷோத்தமன் முகத்துக்கு நேரே தூக்கினாள். மணிவேலின் கையும் கூடவே எழுந்தது.

"கத்தி கீதில்ல சார் உங்கிட்ட? எடு. நேத்து நூத்திப் பன்னெண்டு வெட்டினியே, இது நூத்திப் பதிமூணு. இத்த வெட்டி உட்டா உன் பொட்டிய எடுத்துகினு வருவாரு. வெட்டு!"

புருஷோத்தமனின் கை கத்திப் பக்கம் போகவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மலைப்பக்கம் பெரிதாக ஏதோ உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள், மணிவேலும் பார்த்தான். பிறகு அவன் லுங்கியை ஒரு கையால் இறக்கி விட்டுக்கொண்டான்.

"இல்ல சார்," என்றான். "நான் போவல."

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவன் வெளி ஆளிடம் இல்லை என்று சொல்லி ரோஹிணி கேட்டது அன்றைக்குத்தான். அவன் எல்லோருக்கும் இலை போடச் சொன்னான், ஒற்றைக் கையால் சோறு பரிமாறினான். அவன் போகிற இடமெல்லாம் கூடவே அவளும் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லா நூலையும் நானே கட்டித் தருகிறேன் என்றான் புருஷோத்தமன். அவள் மணிவேலோடு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

"அவுத்து உடு மே, துன்னணும்," என்றான் மணிவேல்.

"துன்னு. இப்டியே துன்னு."

அவளுக்குக் கோபம் அப்போதும் அடங்கவில்லை. அது அந்தக் கத்திக்காரன் மேலிருந்த கோபம் மட்டுமில்லை. அன்றைக்கு அருள்குமார் ரெண்டே நிமிஷம்க்கா என்று திரும்பி ஓடியபோது, இதோ இப்படிக் கைக்கெட்டும் தூரத்தில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள். சீக்கிரம் வாடா என்றுதான் சொன்னாள்.