அமிர்தநாயகத்தாரின் உடம்புச் சூடு

விளையாட்டுக் கழகப் பயிற்சியாளர் நல்லையா மாஸ்டரின் மச்சான் சுவிஸிலிருந்து ஒரு சென்சர் அனுப்பியிருந்தார். நெஞ்சுப் பட்டியில் கொளுவினால், ஓடுகிறவரின் உடம்புக்குள் எவ்வளவு சூடு என்று போனில் காட்டும். பிரயோசனம் என்றால் கழகத்தில் ஓடும் எல்லாருக்கும் இதையே அனுப்புவாராம், இல்லையென்றால் காலுக்குப் போடச் சப்பாத்து. சோதித்துச் சொல்லும் பொறுப்பு இலுப்பைக்கடவையின் வேகமான கால்களுக்குச் சொந்தக்காரியான துசாந்தினியிடம் விழுந்தது.

இரண்டு மாதம் கட்டிக்கொண்டு ஓடி அவள் கண்டுபிடித்தது, வெயிலில் ஓடினால் சுடும் என்பதைத்தான். முப்பத்தேழில் தொடங்குவாள். முப்பத்தொன்பதரையை நெருங்கினால் கால் சொல்வழி கேளாது. அதையும் கால்தான் முதலில் சொல்லும்; போன் ஆறுதலாகப் பிறகு சொல்லும். சப்பாத்தே அனுப்பட்டும் என்று சொல்ல வாயெடுத்திருந்த கிழமையில் கரையோர ஓட்டப் போட்டி வந்தது.

தாராபுரத்திலிருந்து மன்னார்ப் பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும். முதல் இரண்டு பெண்கள் மாகாணப் போட்டிக்குப் போவார்கள். போன வருடம் மூன்றாவதாக வந்து வீட்டுக்குப் போனவள் துசாந்தினி.

காலை ஆறரைக்குத் தொடக்கம். ஆறரைக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள், பிரதம விருந்தினரைத் தவிர. கொடியை அவர்தான் அசைக்க வேண்டும். வேறு யாரும் அசைத்தால் ஓடுகிறவர்களுக்குக் கால் எழும்பாது என்று ஒழுங்கமைப்புக் குழு நம்பியது போலும். "பிரதம விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார், வீராங்கனைகள் தயாராகவும்" என்று ஒலிபெருக்கி சொல்லும்போதெல்லாம் பெண்கள் எழும்பி, துள்ளி, குட்டி ஓட்டம் ஓடி உடம்பைத் தயாராக்கினார்கள். அவர் நாலு தடவை வந்துகொண்டிருந்தார். பதினொன்றரைக்கு உண்மையாகவே வந்தார். மாலை, பொன்னாடை, உரை. விளையாட்டு எமக்கு நேரந்தவறாமையைக் கற்றுத்தருகிறது என்றார்.

துசாந்தினி போனைப் பார்த்தாள். முப்பத்தெட்டு தசம் நாலு. போட்டியில் இன்னும் ஓர் அடி வைக்கவில்லை.

நேரே பந்தலுக்குள் போனாள். குழுவின் செயலாளர் அமிர்தநாயகத்தார் மின்விசிறிக்கு முன்னால், கையில் இளநீரோடு இருந்தார்.

"ஐயா, இந்த வெயிலுக்க ஓடேலாது. பின்னேரம் வைப்பம்."

"வெயில் எல்லாருக்கும் ஒண்டுதானே பிள்ளை."

"ஓம், பந்தலுக்க இருக்கிறவைக்குக் கொஞ்சம் குறைவு. இஞ்ச பாருங்கோ, நிக்கேக்கயே இவ்வளவு. பாலத்தடிக்குப் போகேக்க விழுந்திடுவன்."

"உந்தச் சாமான் பழுதாக்கும்."

"அப்ப நீங்கள் கட்டிப் பாருங்கோ."

அமிர்தநாயகத்தார் சவாலுக்குப் பின்வாங்கிய பரம்பரை அல்ல. அவள் பந்தலின் பின்னால் போய்ப் பட்டியைக் கழற்றிக் கொண்டுவந்தாள். பட்டி அவருக்கு எட்டவில்லை. நல்லையா மாஸ்டர் சென்சரை அவருடைய விலாவில் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் போன் முப்பத்தேழு என்றது.

அமிர்தநாயகத்தார் ஒலிவாங்கியை எடுத்தார்.

"விஞ்ஞான ரீதியாகப் பரிசோதிக்கப்பட்டுள்ளது. உடம்புச் சூடு சரியாக இருக்கிறது. போட்டி தொடங்கும்."

"சரியா இருக்கிறது உங்கட சூடு ஐயா. அப்ப நீங்களே ஓடுங்கோ."

பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "கொடி விழேக்க நிக்கிற ஆக்களின்ர பேர் வெட்டுப்படும். ஓடுற ஆள் மாகாணம் போவா."

ஒருத்தி ஓடினாலே போதும், மற்றவர்களின் கதை முடிந்தது. துசாந்தினி கோட்டில் போய் நின்றாள். மறியலென்றால் இருந்துதான் செய்ய வேண்டும். ஆனால் தார் சுட்டது. ஆகவே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில், போன வருடம் இரண்டாவதாக வந்த பேசாலை யசிந்தா.

"என்னடி செய்யப்போறாய்?"

"நிக்கப்போறன்."

"பேரை வெட்டுவினம்."

"வெட்டட்டும். ஓடி விழுந்தாலும் வெட்டத்தானே போயினம். நிண்டு வெட்டுப்படுறன்."

யசிந்தா வீதியைப் பார்த்தாள். தூரத்தில் தார் தண்ணீர்போல நெளிந்தது. "போன முறை உன்னை முந்தினது நான். மறந்திடாத."

"மறக்கேல்ல. பின்னேரம் பாப்பம்."

யசிந்தாவும் கையைக் கட்டினாள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் கட்டினார்கள்.

கொடி விழுந்தது. ஒருத்தியும் அசையவில்லை. கமராக்காரர் படம் சரிவரவில்லை என்றதால் பிரதம விருந்தினர் இன்னொரு தடவை அசைத்தார். கொடி மட்டும் அசைந்தது. அன்றைக்கு முதன்முறையாக அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முசலியில் வேறொரு விழா இருப்பதாகச் சொல்லி வாகனத்தில் ஏறினார்.

அவர் போனபின் மத்தியானத்தில் ஓடுவதற்கு ஒருவரிடமும் காரணம் மிஞ்சவில்லை. வீராங்கனைகளின் நலன் கருதிக் குழு தானாகவே எடுத்த முடிவின்படி ஓட்டம் ஐந்து மணிக்கு என்று அமிர்தநாயகத்தார் அறிவித்தார். ஒருத்தியின் பேரும் வெட்டுப்படவில்லை.

ஐந்து மணிக்கு நல்லையா மாஸ்டர் துசாந்தினியிடம் பட்டியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அப்ப மச்சானுக்கு என்ன சொல்ல? பிரயோசனமோ இல்லையோ?"

"எனக்குச் சுடுறது எனக்குத் தெரியும் மாஸ்டர். இவையளுக்குக் காட்டத்தான் இது தேவை. அதுக்கு ஒண்டே போதும். மிச்சத்துக்குச் சப்பாத்து அனுப்பச் சொல்லுங்கோ."

யசிந்தா இந்த முறையும் முந்தினாள். துசாந்தினி இரண்டாவது.

அமிர்தநாயகத்தார் கைகொடுத்தார். "பாத்தியே பிள்ளை, பின்னேரம் வச்சது எவ்வளவு நல்லதாப் போச்சு."

"ஓம் ஐயா. அடுத்த வருசம் காலமை ஆறரைக்கு ஓடுவம். கொடி அசைக்க ஆள் வந்தாலும் சரி, வராட்டிலும் சரி."