பளுது இல்லை

மேல் தட்டிலிருந்த அந்தக் கறுப்புப் பெட்டியைக் காட்ட அவனுக்கு விருப்பமில்லை என்பது கண்டக்டருக்கு உடனே தெரிந்துவிட்டது. "அது வேணாம்க்கா, அது உங்க பட்ஜெட்டுக்கு மேல" என்று சொன்னவன், பெட்டியையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்துச் சொன்னான். இருபத்திரண்டு வருடமாகப் பேருந்தில் டிக்கெட் கிழிக்கிறவள் அவள். மீசை அரும்பிய பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு அரை டிக்கெட் கேட்கிற தாய்மார்கள் எல்லோரும் இப்படித்தான், கூரையில் என்னவோ எழுதியிருப்பதுபோல மேலே பார்ப்பார்கள்.

அவன் வேற்று ஆள் இல்லை. அவளுடைய தங்கையின் கணவன்தான். பழைய டிவி, ரேடியோ, ஸ்பீக்கர் எல்லாம் வாங்கிச் சரிசெய்து விற்கிற கடை வைத்திருக்கிறான். கடைக்குள் நுழைகிற ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் அவனுக்குச் 'சகலை'தான். "வா சகல, உக்காரு சகல, உனக்காகத்தான் எடுத்து வச்சேன் சகல" என்று பேசிப் பேசி, தெருவில் அவனுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இத்தனை பேருக்குச் சகலை என்றால் தங்களுடைய அப்பாவுக்கு எத்தனை பெண்கள் இருக்க வேண்டும் என்று அக்காவும் தங்கையும் கணக்குப் போட்டுச் சிரித்த நாட்கள் உண்டு. அந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே உரிமை உள்ளவர் ஒரே ஒருவர்தான். அவர் இப்போது இரண்டு தெரு தள்ளி, இரண்டாம் மாடி வீட்டில், சன்னலோரத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

கண்டக்டரின் கணவர் அதே பேருந்தின் டிரைவராக இருந்தவர். அவர் ஓட்ட, இவள் விசில் ஊத, அப்படி ஆரம்பித்த சம்சாரம். நான்கு வருடம் முன்பு, பணிமனையில் பஸ்ஸுக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளத்தில் விழுந்து முதுகுத்தண்டு போனது. அதன் பிறகு அவருக்கு உலகம் என்பது முன்னறையும், அதிலே மூலைக்கு ஒன்றும் டிவிக்குக் கீழே ஒன்றுமாக அவரே சொல்லி மாட்டவைத்த ஐந்து ஸ்பீக்கர்களும்தான். படத்தில் மழை பெய்தால் பின்னால் திரும்பிப் பார்ப்பார். லாரி வந்தால் அது இடமிருந்து வலம் போகும்வரை கண்ணை மூடிக்கொண்டு, கியர் மாற்றுகிற இடத்தில் கை தானாக அசையும். இத்தனையையும் இழுத்து நடத்துகிற ரிசீவர் பெட்டி, இரண்டு மாதம் முன்பு, சத்தம் கூட்டினால் டக்கென்று அணைய ஆரம்பித்தது. சகலை வந்தான், திருகினான், காதை வைத்துக் கேட்டான். "போர்டு போச்சு சகல. இனி இது இரும்புக் கடைக்குத்தான்" என்று துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான். ரிமோட் மட்டும் நாற்காலி மடிப்பில் கிடந்துவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் சத்தமில்லை. டிவியின் சொந்தக் குரலில் படம் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை, டப்பாவுக்குள் யாரோ சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது என்று அணைத்துவிடுவார். வேலை முடிந்து வருகிறவள் படியேறும்போதே கேட்டுப் பழகிய இரைச்சல் இல்லாமல், கதவைத் திறக்கவே பயந்தாள். ஓவர்டைமில் சேர்ந்ததை ஒரு உறையில் போட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை தங்கையிடம்கூடச் சொல்லாமல் கடைக்கு வந்துவிட்டாள். "இதே கம்பெனி கிடைச்சா பாரு, ரிமோட்டுக்குத் தனியா அழ வேண்டாம்" என்று அவர் ரிமோட்டைப் பையில் போட்டு அனுப்பினார்.

சகலை ஏற்கெனவே மூன்று பெட்டிகளைக் காட்டிவிட்டான். முதலாவதில் இப்போதைய டிவி வயரைச் சொருக வாயே இல்லை. இரண்டாவதன் நெற்றியில் ஆயிரம் வாட் என்று பொன்னிற எழுத்து. தூக்கிப் பார்த்தாள், காலி டிபன் பாக்ஸ் கனம்கூட இல்லை. நல்ல பெட்டி கனக்கும் என்பது டிரைவர் சொல்லிக் கொடுத்த பாடம். மூன்றாவதில் ஒரு பக்க ஸ்பீக்கர் பேசவில்லை. "அஞ்சுல ஒண்ணுதானேக்கா, மிச்சம் நாலு பாடுதுல்ல" என்றான்.

"ஒரு சக்கரம் இல்லாம பஸ்ஸ எடுக்கச் சொன்னா எடுப்பாங்களா தம்பி?"

கடையில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் அவள் மேல் தட்டைக் கைகாட்டியது, அவன் மின்விசிறியைப் பார்த்தது, எல்லாம்.

"பட்ஜெட்டுக்கு மேலன்னா, அப்படி என்ன இருக்கு அதுல? சும்மா இறக்குங்க, பார்ப்போம். பார்க்கக் காசா?"

நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவனால் மறுக்க முடியவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினான். மேசையில் வைத்தபோது மேசை முனகியது. கனம் சரி. முகப்பில், எழுத்து ஓடுகிற சின்னக் கண்ணாடியை மறைத்தபடி, ஒரு வெள்ளைத் தாள் அழுந்த ஒட்டியிருந்தது. 'ஒரு கை மாறியது. பளுது இல்லை.'

கண்டக்டர் அந்த எழுத்தைப் பார்த்தாள். தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே ழ வராது. அவள் எழுதினால் வாளைப்பளம்தான், மளைக்காலம்தான். அதற்காக அக்கா எத்தனையோ முறை தலையில் குட்டியிருக்கிறாள். இப்போது தங்கை பில் போடுகிற மேசையில், தலை நிமிராமல், ஏற்கெனவே எழுதி முடித்த ஒரு பில்லின் மேலேயே மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள்.

"யாரு வீட்டுது தம்பி?"

"ஒரு பேங்க் மேனேஜர் வீட்டுதுக்கா. மாத்தலாகிப் போறாங்க. பொத்திப் பொத்தி வச்சிருந்தாங்க, சவுண்டுகூடக் கூட்ட மாட்டாங்களாம்."

"நல்ல மனுஷங்க போல."

"தங்கமான ஆளுங்க."

டிக்கெட் எடுக்காதவனை, அவன் ஏறின உடனே அவள் பிடிக்க மாட்டாள். அடுத்த நிறுத்தத்திலும் பிடிக்க மாட்டாள். அவன் உட்காரட்டும், சன்னல் காற்று வாங்கட்டும், பக்கத்து ஆளிடம் ஊர்க்கதை பேசட்டும் என்று விடுவாள். இறங்குகிற இடம் வந்து, ஒரு கால் படியில் வைத்த பிறகுதான் தோளைத் தொடுவாள். அதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது, மறைப்பானேன். இன்று அந்த ருசி நாக்கின் அடியில் ஊறிற்று.

"போட்டுக் காட்டுங்க."

அவன் பொத்தானை அழுத்தினான். தாளின் நான்கு ஓரங்களிலும் நீல வெளிச்சம் கசிந்தது. அவள் கட்டைவிரல் நகத்தைத் தாளின் மூலைக்குள் விட்டு, டிக்கெட்டைக் கிழிப்பதுபோல ஒரே இழுப்பில் உரித்தாள்.

நீல நிறத்தில், ஆங்கில எழுத்தில், 'மாமியார்' என்று நின்றது.

பெட்டி வாங்கிய முதல் மாதத்தில் டிரைவர் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ரிமோட்டால் தட்டித் தட்டி வைத்த பெயர்களில் ஒன்று அது. பெட்டிக்குப் பல வாய். எந்த வாய் வழியாக என்ன வருகிறது என்பதற்கு எட்டு எழுத்துக்குள் பெயர் வைத்துக்கொள்ளலாம். நிறுத்தாமல் பேசுகிற செய்திச் சேனல் வருகிற வாய்க்கு மாமியார் என்று வைத்தார். தங்கை அன்று அங்கேதான் இருந்தாள். அம்மாவைப் பற்றி இப்படியா என்று அவரை அடிக்க ஓடி, சிரிப்பில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன சகல, மாமியார்னு வருது?" என்றார் ஒருவர், கையில் பழைய மிக்ஸியுடன்.

சகலைக்கு வியர்த்தது. ஆனால் வாய் அவனைக் கைவிடவில்லை. "அது ஜப்பான்காரன் வச்ச பேரு சகல. மமியா... மமியார்னு ஒரு டெக்னாலஜி. சவுண்டு சுத்திச் சுத்தி வரும்."

"எங்க வீட்லயும் ஒண்ணு சுத்திச் சுத்தி வருது. அதையும் ஜப்பான்ல இருந்துதான் இறக்குனாங்களா?"

கடை அதிர்ந்தது. கண்டக்டரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பையிலிருந்து ரிமோட்டை எடுத்தாள். சகலை அதைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கினான்.

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். 'மச்சினி.'

பில் மேசையில் பேனா நின்றது.

"அடேங்கப்பா, குடும்பத்தோடதான் வந்திருக்கான் ஜப்பான்காரன்" என்றார் மிக்ஸிக்காரர்.

அடுத்தது எது என்று அவளுக்குத் தெரியும். எதையும் சொருகாமல், எதற்கும் உதவாமல் சும்மா கிடந்த கடைசி வாய்க்கு அவர் வைத்த பெயர். வைத்துவிட்டு, "பாவம், அவன்கிட்டச் சொல்லிடாத" என்று வேறு சொன்னார். அவன் கண்களைப் பார்த்துக்கொண்டே அழுத்தினாள்.

'சகலை.'

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மிக்ஸிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தது மூன்றே பேருக்கு. ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும், சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அந்த வார்த்தை அவள் தொண்டை வரை வந்தது. இங்கே வேண்டாம் என்று அடக்கினாள். இவன் இறங்கும் இடம் இதுவல்ல. அந்த முன்னறை. அந்த நாற்காலிக்கு எதிரே. மாதத்துக்கு இருமுறை டிரைவரை முதுகில் சுமந்து படி இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறவன் இவன். புதன்கிழமை கடை விடுமுறையில் வந்து, சீட்டாடி, அவரைச் சிரிக்கவைத்துவிட்டுப் போகிறவன். இந்த இரண்டு மாதத்தில் எட்டுப் புதன்கிழமை வந்திருக்கிறான். எட்டு முறையும் அந்த அமைதிக்குள் உட்கார்ந்து, "என்ன சகல, வீடே வெறிச்சுன்னு இருக்கு" என்று கேட்டவன்.

அவரும் பார்க்கட்டும். இவனுடைய முதுகு எப்படிப்பட்ட முதுகு என்று அவரும் பார்க்கட்டும்.

"இதையே எடுத்துக்கறேன் தம்பி. விலை நீங்களே சொல்லுங்க. பேங்க் மேனேஜருக்கு நீங்க என்ன குடுத்தீங்களோ, அதையே நானும் தர்றேன். ஒரு பைசா குறைய வேண்டாம்."

"அக்கா... நமக்குள்ள என்னக்கா."

"சொல்லுங்க. எல்லாரும் காத்திருக்காங்க."

அவன் துணியை எடுத்துப் பெட்டியின் தூசியைத் துடைக்க ஆரம்பித்தான். அவள் உரித்த தாளைக் கொண்டுபோய்த் தங்கையின் முன்னால் வைத்தாள்.

"பழுதுக்கு எந்த ழ?"

தங்கை தாளைப் பார்த்தாள், அக்காவைப் பார்க்கவில்லை. ள-வை அடித்தாள். மேலே ழ போட்டாள். கொம்பு கோணிக்கொண்டு போயிற்று. "அக்கா, நான்..." என்று ஆரம்பித்ததை தாள் மையை உறிஞ்சுகிற சத்தத்தைவிடச் சின்னதாகச் சொன்னாள்.

"இனிமே மறக்காத" என்றாள் கண்டக்டர்.

இரண்டு தெரு தூரம். அவன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அவள் மூன்றடி பின்னால் வந்தாள். ஆட்டோ வேண்டாம் என்றுவிட்டாள். முதல் மாடித் திருப்பத்தில் அவன் நின்று, சுவரில் சாய்ந்தான்.

"அன்னிக்கு நிஜமாவே செத்துடுச்சுன்னுதான்க்கா நினைச்சேன். கடையில போட்டுப் பார்த்தா பாடுது."

"பாடுச்சுன்னா ஒரு போன் போட்டிருக்கலாமே."

"நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... அப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

"மேல வந்து சொல்லுங்க. எங்கிட்ட இல்ல."

டிரைவர் சத்தம் கேட்டு நாற்காலியைத் திருப்பி வைத்திருந்தார். "வா சகல. ஞாயித்துக்கிழமைகூடவா?" என்றவர், தோளிலிருந்து இறங்கிய பெட்டியைப் பார்த்தார். அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்காகத்தான் இரண்டு தெரு நடந்தாள். அந்த முகத்தில் ஏதாவது உடையும், உடைந்ததும் அதை எடுத்து இவனுடைய கையில் கொடுக்கலாம் என்றுதான்.

ஒன்றும் உடையவில்லை. பெட்டியைப் பார்த்த கண், பழகின பயணி ஏறியதைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு நகர்ந்தது.

"சகல, இது..." என்று அவன் ஆரம்பித்தான்.

"முதல்ல அலமாரிக்குப் பின்னாடி போ" என்றார் டிரைவர். "இடது பக்கத்து ஸ்பீக்கர் வயரு. கறுப்பு. முனையில ஒரு செம்பு இழை நீட்டிக்கிட்டு பக்கத்து வயரத் தொடும். அதக் கிள்ளிடு. இல்லாட்டி மறுபடியும் டக்குனு அணையும்."

அலமாரிக்குப் பின்னால் இருட்டு. கண்டக்டர் டார்ச்சை எடுத்துப் பிடித்தாள். அவன் மண்டியிட்டு, வயர்க் கற்றைக்குள் கையை விட்டான். மறுபடியும் என்ற சொல் அவளுக்குள் அப்போதுதான் போய்ச் சேர்ந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும், இழை நீட்டியிருக்குன்னு?" என்றாள்.

"போன மாசம் ஷேவிங் கண்ணாடிய உள்ள விட்டுப் பார்த்தேன். பெட்டில ஒண்ணும் கோளாறு இல்லைன்னு அன்னிக்கே புரிஞ்சுது."

போன மாதம். அதற்குப் பிறகு நான்கு புதன்கிழமை சீட்டாடியிருக்கிறார். நான்கு முறையும் சிரித்திருக்கிறார். இரண்டு முறை இவன் முதுகில் தொற்றிக்கொண்டு, கழுத்தைக் கட்டிக்கொண்டு, மருத்துவமனைக்கும் போய் வந்திருக்கிறார்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து அவன் தலையை வெளியே நீட்டினான். விரல் நுனியில் நகத்துண்டு அளவுக்கு ஒரு செம்பு இழை மின்னிற்று. டிரைவரைப் பார்க்கத் திரும்பியவனால் முடியவில்லை. வெளிச்சம் முழுவதும் முகத்தில் விழ, கண் கூசி நீர் வழிய, அப்படியே மண்டியிட்டு நின்றான்.

"டார்ச்சைக் கீழ இறக்கு, கண்டக்டர்" என்றார் டிரைவர் மெதுவாக. "அவன் கண்ணுல அடிக்குது."

அவள் இறக்கவில்லை.