பதினேழு, உள்ளேன் ஐயா

பள்ளிக்கூடத்துக்கு ஐம்பது வயதாம், பொன்விழா மலர் போடுகிறார்களாம். "கூடப் படிச்சவங்களைப் பத்தி, டீச்சருங்களைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடு. நீதான் அப்பவே நல்லா கதை விடுவ. படிக்கிறவங்க சிரிக்கணும்" என்று போனில் சொன்னவன் வானொலி. அவன் பேச ஆரம்பித்தால் நாம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், அப்போதும் அதே வாக்கியத்தில்தான் இருப்பான். அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அவன் வாயை அடைக்கவே சரி என்றேன். மூன்று நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன். முதல் பக்கம் சிரிக்கிற மாதிரி வந்துவிடுகிறது. இரண்டாவது பக்கம் எப்படிப் போகும் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டிருக்கிறான், தடியன்.

எங்களுடையது சின்னப் பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்பில் மொத்தமே இருபத்து மூன்று பேர். தகரக் கூரை. மழை பிடித்தால் டீச்சர் வாய் அசைவது மட்டும் தெரியும், சத்தம் வராது. நாங்கள் மழைக்காக வேண்டிக்கொள்வோம்.

தலைமை ஆசிரியைக்குப் பெயர் பெரிய டீச்சர். ஆள் ஐந்தடி கூட இல்லை. மேஜை இழுப்பறையில் எப்போதும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். திட்டுவதற்குக் கூப்பிட்டால் முதலில் இரண்டு பிஸ்கட் எடுத்து நீட்டுவார். "இந்தா, தின்னுட்டு அழு" என்பார். வாயில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு அழுது பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

விஞ்ஞானம் எடுத்தவர் சோடியம் டீச்சர். கடுகளவு போட வேண்டியதைக் கொஞ்சம் தாராளமாகத் தண்ணீரில் போட்டு, தன் புருவம் இரண்டையும் பொசுக்கிக்கொண்டவர். ஒரு மாதம் பென்சிலால் புருவம் வரைந்துகொண்டு வந்தார். ஒன்று மேலே ஏறி, ஒன்று கீழே இறங்கி இருக்கும். நாங்கள் என்ன பதில் சொன்னாலும் அவர் ஆச்சரியப்படுவது போலவே இருந்ததால், சொன்னது சரியா தப்பா என்று கடைசி வரை புரியவில்லை.

எங்கள் வகுப்பாசிரியர் மைனஸ் சார். கணக்குப் போடும்போது நாலாவது வரியில் மைனஸ் குறியை எங்கேயாவது தொலைத்துவிடுவார். விடை ஒத்துவராவிட்டால் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார், அங்கே போட்டு வைத்த மாதிரி. காலையிலும் மதியமும் வருகைப் பதிவு எடுப்பது அவர்தான். எண்ணைக் கூப்பிடுவார், "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்தால் பதிவேட்டில் கோடு போடுவார். ஒன்றிலிருந்து இருபத்து மூன்று வரை குனிந்த தலையை நிமிர்த்தவே மாட்டார்.

அவர் நிமிராததை நம்பித்தான் எங்கள் வகுப்பே ஓடிக்கொண்டிருந்தது. ரொட்டி என்று ஒருத்தி. அப்பா கை கால் விழுந்து படுத்ததும் பேக்கரி அடுப்பு அவள் தலையில் விழுந்தது. முழங்கையில் மாவு ஒட்டிக்கொண்டிருக்க, பத்தரை மணிக்குத்தான் மூச்சு வாங்க வந்து சேருவாள். நெடுமரம் என்று ஒருவன். வாரத்தில் மூன்று நாள் அம்மாவை ரத்தம் சுத்தம் பண்ணக் கூட்டிப் போவான். நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வராதவர்கள் பரீட்சை எழுத முடியாது என்பது சட்டம். இவர்கள் எங்கே போவார்கள்? அதனால் வராதவர்களுக்கு நாங்கள் சொல்வோம். ஏழுக்கு ஒருத்தி, இருபதுக்கு ஒருவன். குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும்.

இதில் எங்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏன் வரவில்லை என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. கேட்டால் அவர்கள் கூசிப்போவார்கள் அல்லவா? எங்களுக்கு அதில் அவ்வளவு பெருமை. பெரிய நாகரிகக்காரர்கள் என்று நினைப்பு!

பதினேழாம் எண் தும்மல். என் பக்கத்து இடம். கரும்பலகையை அழித்தால் சரியாக மூன்று தும்மல் போடுவாள். இரண்டு போட்டதும் வகுப்பு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். மூன்றாவது வந்ததும் மைனஸ் சார் "சரி, இப்ப கணக்குக்கு வருவோம்" என்பார். எனக்குக் கணக்கு வராது. விடையை என் உள்ளங்கையில் எழுதிவிட்டு, "நக்கிடாத, மை" என்பாள். சண்டை போட்டால் இரண்டு நாளானாலும் அவளாக இறங்கி வரமாட்டாள். சரியான அழுத்தக்காரி. அவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அவளுடைய அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். தையல் வேலை. எங்களில் பாதிப் பேர் சீருடை அத்தை தைத்ததுதான். மூத்த மகளைக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூன்றாம் நாள் துணி சுற்றி வாங்கி வந்தவர். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி என்ற பேச்சு வந்தாலே அத்தைக்கு ஊசியில் நூல் ஏறாது. வேலை இருந்தாலும் அந்தத் தெரு வழியாகப் போகமாட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் தும்மல் என்னைப் பள்ளி வாசலுக்கு வெளியே நிறுத்தினாள்.

"ரெண்டு மூணு நாள் எனக்கும் சொல்லிடுறியா?"

"சொல்லிட்டாப் போச்சு."

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"கேக்கக் கூடாதுல்ல."

கொஞ்ச நேரம் நின்றாள். "அதானே" என்றாள். புத்தகங்களை என் கையில் கொடுத்துவிட்டு, காலிப் பையோடு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். கேட்கச் சொல்லித்தான் நின்றாள் என்பது மரமண்டைக்கு அப்போது ஏறவில்லை.

இரண்டு மூன்று நாள் எட்டு நாளானது. வெள்ளிக்கிழமை மாலை தெருவில் பார்த்தேன். முகம் வெளிறியிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள்டி, திட்டாத" என்றாள். நான் என்ன செய்தேன்? "எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்கோ, உன் குரல் எனக்கு உன்னைவிட நல்லா வருது" என்று பீற்றிக்கொண்டேன். எட்டாம் நாள் புதன்கிழமை. காலையும் மதியமும் நான் "உள்ளேன் ஐயா" என்றேன். சார் கோடு போட்டார்.

அன்று ஐந்தரை மணி. கணக்கில் மட்டமான எங்கள் ஆறு பேருக்குச் சார் தனியாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். ரொட்டியும் வானொலியும் அதில் உண்டு. வாசலில் அத்தை வந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, எடுத்து வைக்கக்கூட மறந்து ஓடி வந்திருக்கிறார்.

"சார், எம்பொண்ணு இன்னும் வீட்டுக்கு வரல. நாலரைக்கெல்லாம் வந்துருவா சார்."

சார் பதிவேட்டைப் பிரித்தார். பதினேழுக்கு நேரே விரலை வைத்தார். "காலைல வந்திருக்கா, மதியமும் இருந்திருக்காளேம்மா" என்றார். சொல்லிவிட்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

அத்தை என்னிடம் வந்தார். "பக்கத்துலதானே உக்கார்ற? ஸ்கூல் விட்டு எந்தப் பக்கம்டி போனா?"

ரொட்டி முகத்தில் ஈயாடவில்லை. பரீட்சைக்கு ஆறு வாரம். நான் உண்மையைச் சொன்னால் ரொட்டி போச்சு, நெடுமரம் போச்சு, சார் வேலை போச்சு. தும்மல் எப்படியும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவாள். எங்கேயாவது பஸ் கிடைத்திருக்காது. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"கேட் வரைக்கும் ஒண்ணாத்தான் வந்தோம் அத்தை. அப்புறம் அவ கடைத்தெருப் பக்கம் போனா" என்றேன்.

எல்லோரும் கடைத்தெருவுக்கு ஓடினோம். சார் சைக்கிளில் முன்னால் போனார். அத்தை ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். "நீலப் பாவாடை, ரெட்டைச் சடை, இவ்வளவு உயரம் இருப்பா" என்று தன் தோளைத் தொட்டுக் காட்டினார். செருப்புக் கடைக்காரர் பார்த்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிவைத்தார், புண்ணியவான். அதை நம்பி அந்தத் தெருவையே மூன்று முறை சுற்றினோம். நான் பொய்யாகக் காட்டிய தெருவில் நானும் கூடச் சேர்ந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

பாத்திரக் கடை முன்னால் வானொலி என் கையைப் பிடித்து இழுத்தான். பேசியே சாகடிப்பவனுக்கு அன்று வார்த்தை வரவில்லை. "சொல்லிடலாமா?" என்றான்.

"வாயை மூடு. ரொட்டி பரீட்சை எழுத வேணாமா?"

"தும்மல் எங்க இருக்கான்னே தெரியலையே."

"வந்துருவாடா! வந்துருவா! அவ அழுத்தக்காரி, அவளுக்கு ஒண்ணும் ஆகாது!" என்று கத்தினேன். எங்கே தேடுவது என்று தெரியாதவர்களுக்கு நடுவில், எங்கே தேடக் கூடாது என்று தெரிந்தவள் நான். வாயைத் திறந்தால் அத்தனை பேரும் நாசம்.

ஏழேகாலுக்குப் பெரிய டீச்சர் அறைக்குத் திரும்பினோம். போலீஸ்காரர் ஒருவர் வந்திருந்தார். பதிவேட்டைப் பார்த்து, "நாலு மணி வரை பள்ளியில்" என்று தாளில் எழுதிக்கொண்டார். பிறகு மேஜை மேலிருந்த போனில் ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டார். கடைசியாக ஆஸ்பத்திரி.

"எப்ப? காலைல ஒன்பதரைக்கா? சீட்டு வாங்குற வரிசையில மயங்கி விழுந்துச்சா? வயசு பத்தொன்பதுன்னு எழுதியிருக்கா... பையில என்னது? ஸ்கூல் பாவாடையா?" என்றவர், அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார். குரல் இறங்கியது. "அடப்பாவமே. இல்லைங்க, இது வேற பொண்ணு. இவங்க பொண்ணு நாலு மணி வரைக்கும் ஸ்கூல்ல இருந்திருக்கு." போனை வைத்துவிட்டார்.

அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மூச்சு விட்டார். "நல்லவேளை. ஆஸ்பத்திரி இல்ல" என்றார்.

அந்த "நல்லவேளை"தான் என்னை உடைத்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, அவ இன்னிக்கு வரவே இல்ல. எட்டு நாளா வரல. நான்தான் அவ குரல்ல சொன்னேன். கேட் வரைக்கும் வந்தோம்னது பொய், அத்தை."

ரொட்டி எழுந்தாள். "எனக்கும்தான் சொல்லுவாங்க டீச்சர். ஒரு வருஷமா." சொல்லும்போதே அழுதாள்.

பெரிய டீச்சர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இதுக்காகவா வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க? பரீட்சைக்கு நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப மாட்டேனாடி? என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அவர் சொன்னது பொய்யில்லை. பிறகு ரொட்டியும் நெடுமரமும் அவர் கையெழுத்தில்தான் பரீட்சை எழுதினார்கள், தேறவும் செய்தார்கள்.

மைனஸ் சார் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏழும் இருபதும் வராதது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குனிஞ்சிருந்தேன். பதினேழைப் பாக்கலையே. எட்டு நாளா ஒரு தடவை நிமிர்ந்து பாக்கலையே நான்" என்றார். அவரை நாங்கள் ஏமாற்றுகிறோம் என்று எத்தனை நாள் சிரித்திருக்கிறோம்.

அத்தை என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. போலீஸ்காரரைப் பார்த்து, "ஆஸ்பத்திரியா?" என்று மட்டும் கேட்டார். அவர் அத்தை முகத்தைப் பார்க்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டார். "வாங்கம்மா, போய்ப் பாத்துடலாம்."

ஜீப்பில் பெரிய டீச்சரும் அத்தையும் பின்னால் உட்கார்ந்தார்கள். நான் அவர்களுக்கு எதிரில். பெரிய டீச்சர் அத்தையின் கையை விடவில்லை. கடவுளே, வேற பொண்ணா இருக்கட்டும், வேற பொண்ணா இருக்கட்டும் என்று வழி நெடுக முணுமுணுத்தேன். யாரோ பெற்ற பெண் செத்திருக்கட்டும் என்று வேண்டுகிறோமே என்றுகூடத் தோன்றவில்லை.

அவள்தான். சுவர் ஓரத்துக் கட்டிலில் கழுத்து வரை மூடியிருந்தார்கள். ஒரு சடை அவிழ்ந்திருந்தது. அத்தை அதைப் பின்ன ஆரம்பித்தார்.

"ஆறே முக்காலுக்கு" என்று நர்ஸ் மெதுவாகப் பெரிய டீச்சரிடம் சொன்னார். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. எட்டு நாளாகத் தலைவலி என்று தனியாக வந்து வரிசையில் நின்றிருக்கிறாள். பதினெட்டுக்குக் குறைந்தால் பெற்றவர்களைக் கூட்டி வரச் சொல்வார்கள் என்று வயதையும் பெயரையும் மாற்றிச் சொல்லியிருக்கிறாள். என்ன வியாதி என்று தெரிந்த பிறகு அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாளாம்.

"மத்தியானம் நல்லா முழிச்சுப் பேசினா" என்றார் நர்ஸ். "வீட்டுக்குச் சொல்லணும்மா, அட்ரஸ் குடுன்னேன். அம்மா பயந்துருவாங்கன்னா. சரி, எந்த ஸ்கூல்னாவது சொல்லுன்னேன். அதைச் சொன்னா என் கிளாஸ்ல எல்லாரும் மாட்டிக்குவாங்க சிஸ்டர், சாயங்காலம் நானே எந்திரிச்சுப் போயிடுவேன்னு சிரிச்சா. ஆறு மணிக்கு மேல வலி தாங்காம அம்மாவைக் கூப்பிடுங்கன்னு அழுதா. அப்ப அட்ரஸ் கேட்டோம். அவளுக்கு வாய் குழறிடுச்சு."

அத்தை பின்னலை முடித்து, நுனியில் கட்ட எதுவும் இல்லாமல் விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தக் கண்களில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"ஆறு மணிக்கு நாம எங்கடி இருந்தோம்?"

"கடைத்தெருவுல அத்தை" என்றேன்.