முழங்கை

அந்தப் பழைய புகைப்படத்தால் ஓசெல்லாவை ஊருக்கே தெரியும். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்ததற்குப் போலீஸ் இழுத்துப்போனபோது எடுத்த படம். ஓரத்தில் யாரோ ஒருத்தியின் முழங்கை தெரியும். அந்த யாரோ, அவளோடு கூடவே கைதான தோழி வெர்டெல். அறுபது வருடமாக அவளுக்கு அந்த எரிச்சல் தீரவில்லை.

பள்ளிக்கூடங்களில் காட்டுவதற்காகக் கறுப்பர் வரலாற்றை ஆவணப்படமாக எடுக்க அட்லாண்டாவிலிருந்து ஒரு பெண் வந்தாள், கையில் அதே புகைப்படத்தோடு. முகத்தைத் தேடித்தான் வந்தாள். முழங்கையைத் தேடி யார் வருவார்கள்?

சர்ச் ஹாலில் கேமரா முன்னால் ஓசெல்லா ஊதாத் தொப்பியோடு உட்கார்ந்தாள்.

"இறகு ஆடுது பாரு, தொப்பியக் கழட்டச் சொல்லு" என்றாள் வெர்டெல், கேமராவுக்குப் பின்னாலிருந்து.

"இருக்கட்டும் மேடம், ராணி மாதிரி இருக்காங்க" என்றாள் அந்தப் பெண்.

ராணியாம்! வெர்டெல் நாற்காலியைச் சத்தமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"லாக்கப்ல விடிய விடியப் பாடினீங்களாமே, முதல்ல என்ன பாட்டும்மா?"

ஓசெல்லா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. கண்கள் வெர்டெல்லைத் தேடி வந்தன.

வெர்டெல்லுக்கா தெரியாது? பயத்தில் எல்லாரும் விக்கி அழுதபோது அந்தப் பாட்டை முதலில் எடுத்தவளே அவள்தான். நுனி நாக்கில் நின்றது. முழிக்கட்டும், ஊர் பார்த்துச் சிரிக்கட்டும் என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள். ஓசெல்லாவின் கண்கள் கலங்கின.

பிப்ரவரியில் அதே ஹாலில் படம் போட்டார்கள். அந்த இடம் வந்தது. அந்தப் பாவிப் பெண் ஒரு நொடியைக்கூட வெட்டவில்லை. திரையில் மௌனம், கலங்கிய கண், ஊதாத் தொப்பி. ஒருவரும் சிரிக்கவில்லை. விசும்பல்தான் கேட்டது. "எவ்வளவு துக்கம் பாருங்க, பேச்சே வரல" என்று பாஸ்டர் மூக்கைச் சிந்தினார். ஹாலே எழுந்து கைதட்டியது.

ஓசெல்லா குனிந்து வெர்டெல்லின் காதைக் கடித்தாள்.

"துக்கமாவது மண்ணாங்கட்டியாவது! பாட்டு மறந்துபோச்சுடி. பாட்டச் சொல்லிட்டு, 'இத எடுத்துக் குடுத்தது எங்க வெர்டெல், படத்துல இருக்குற முழங்கை அவளோடதுதான்'னு சொல்லணும்னு வீட்லயே நெனச்சு வெச்சிருந்தேன். பாட்டு வராம எல்லாமே அடைச்சுப்போச்சு. நீயாவது சொல்லுவேன்னு பார்த்தேன். உனக்கும் மறந்துடுச்சு போல."

வெர்டெல் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆமாடி. மறந்துதான் போச்சு."

படம் முடியும் இடத்தில் அந்தப் புகைப்படம் வந்தது. ஓசெல்லாவின் முகத்தை மட்டும் திரை நிறையப் பெரிதாக்கியிருந்தார்கள். முழங்கையைக் காணோம்.